ஒரே ஆலை, மூன்று பெயர்: அய்கோவா, 107-ஆ, சி1-ஆ?

ஐரோப்பாவில் குறைந்த விலைக்கு முதல் கார் தேடுகிறவர் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டினால், மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1. அளவு ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று, பக்கத்தில் நிறுத்தினால் கூடப் பிறந்தவர்கள் போன்ற ஜாடை. எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களில் பலர், "டொயோட்டாதானே நல்லது?" என்ற முடிவோடுதான் கேட்கவே வருகிறார்கள். அந்த முடிவு பாதி சரி, பாதி வீண் செலவு. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, இந்தக் கார் எப்படி, எங்கே, எந்தெந்த ஆண்டில் என்னென்ன மாற்றத்தோடு தயாரானது என்பது தெரிய வேண்டும்.

2001-ல் டொயோட்டாவும், பெஜோ, சிட்ரோயன் இரண்டையும் வைத்திருந்த பிரெஞ்சுக் குழுமமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சின்ன காரில் லாபம் குறைவு. தனித்தனியே வடிவமைத்து, தனித்தனியே ஆலை கட்டினால் இருவருக்குமே கட்டுப்படியாகாது. செக் குடியரசில், பிராகா நகருக்குக் கிழக்கே உள்ள கோலின் என்ற ஊரில் இருவரும் பாதிப் பாதி முதல் போட்டு ஓர் ஆலை அமைத்தார்கள். வடிவமைப்பும் உற்பத்தியும் டொயோட்டாவின் பொறுப்பு. உதிரி பாகங்களை வாங்கிச் சேர்ப்பது பிரெஞ்சுக்காரர்களின் பொறுப்பு, ஐரோப்பிய சப்ளையர்களை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 2005 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 3 லட்சம் கார்கள், ஒவ்வொரு பெயரிலும் ஒரு லட்சம் என்பது திட்டம்.

ஆக, 2005-க்குப் பிறகு நீங்கள் பார்க்கும் 107-ஐயும் சி1-ஐயும் கட்டியது டொயோட்டாவின் உற்பத்தி முறையில் இயங்கிய ஆலை. பெட்ரோல் எஞ்சினும் டொயோட்டா குழுமத்துடையதுதான். 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு உருவாக்கிய 1கேஆர் எஞ்சின் அது. மூடி வரைக்கும் அலுமினியம், எஞ்சின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஒரு லிட்டருக்கு உட்பட்ட எஞ்சின்களுக்கான சர்வதேச விருதை 2007 தொடங்கி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாங்கியது. விருதை விட எனக்குப் பெரிதாகப் படும் சான்று வேறு. இங்கிலாந்தில் பழைய சி1 கார்களை மட்டுமே வைத்து ஒரு பந்தயத் தொடர் நடக்கிறது, அதில் 24 மணி நேரப் பந்தயமும் உண்டு. பழைய கார் சந்தையில் வாங்கிய வண்டியை இரவும் பகலும் முழு வேகத்தில் விரட்டுகிறார்கள், அந்தச் சின்ன எஞ்சின் தாக்குப்பிடிக்கிறது.

அப்படியானால் மூன்றுக்கும் என்னதான் வித்தியாசம்? முன் பம்பர், ஹெட்லைட், பின் விளக்கு, இருக்கைத் துணி, ஸ்டியரிங் நடுவில் இருக்கும் சின்னம். கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டால் ஒன்றுக்கொன்று அடையாளம் சொல்வது கடினம். சிக்கனத்துக்காக விட்ட விஷயங்களும் மூன்றிலும் ஒன்றே. பின் கண்ணாடி இறங்காது, கீல் போட்டு வெளியே கொஞ்சம் தள்ளித் திறக்கும். பவர் விண்டோ இருந்தாலும், பக்கத்து இருக்கைக் கண்ணாடியை ஓட்டுநர் தன் இடத்திலிருந்து இறக்க முடியாது. டிக்கி கதவு முழுவதும் கண்ணாடி. முன்னால் ஒரே ஒரு வைப்பர். ஆயில் ஃபில்ட்டர், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருள்கள் ஒன்றுக்கு வாங்கினால் மற்றதற்கும் பொருந்தும்.

மூன்றும் ஒரே கார் என்பதற்கு 2010-ல் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. ஆக்ஸிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் இருப்பதாக டொயோட்டா ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2005 பிப்ரவரியிலிருந்து 2009 ஆகஸ்ட் வரை செய்த அய்கோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. உடனே பிரெஞ்சுக் குழுமமும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான 107, சி1 கார்களைத் திரும்ப அழைத்தது. பெடலும் ஒன்றே அல்லவா. அந்தக் கால வண்டியை வாங்குகிறவர், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்துவிட்டதா என்று டீலரிடம் கேட்டுவிட வேண்டும்.

முதல் தலைமுறையைப் பொறுத்தவரை, அதாவது 2005 முதல் 2014 வரை, என் கருத்து இதுதான்: சின்னத்துக்கு ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அய்கோ என்பதற்காகவே சில நூறு யூரோ அதிகம் கேட்பார்கள். அந்தப் பணத்தில் அதைவிட இரண்டு வயது குறைந்த 107 கிடைக்கலாம். இந்தக் கார்களில் பெயரை விட வயதுதான் முக்கியம். முதல் சில ஆண்டு வண்டிகளில் கிளட்ச் சீக்கிரம் தேயும், வாட்டர் பம்ப் கசியும். 2009-லும் 2012-லும் முகப்பை மாற்றினார்கள், கூடவே உள்ளேயும் சின்னச் சின்னத் திருத்தங்கள் நடந்தன. தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு 109 கிராமாக இருந்த கரியமில வாயு அளவு 2012 மாற்றத்தில் 99 கிராமாகக் குறைந்தது. அந்த அளவை வைத்து வரி போடும் நாடுகளில் ஆண்டுதோறும் இதன் பலன் தெரியும். அதனால் பட்ஜெட் இடம் கொடுத்தால் 2012-க்குப் பிந்தையது. இல்லாவிட்டால் 2009-க்குப் பிந்தையது. 2005, 2006 வண்டி மிக மலிவாக வந்தாலும், கிளட்ச் மாற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே கை நீட்டுங்கள்.

டீசலும் இருந்தது. பிரெஞ்சுக் குழுமத்தின் 1.4 லிட்டர், 54 குதிரைத்திறன். எரிபொருள் இன்னும் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைக்கு அது வேண்டாம். லண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு இது கூடுதல் கவனத்தோடு சொல்ல வேண்டிய விஷயம். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் விரிந்துவிட்டது. பெட்ரோல் வண்டி, ஐரோப்பியப் புகை விதிகளின் யூரோ 4 தரத்தில் இருந்தால் கட்டணம் இல்லை, டீசலுக்கோ யூரோ 6 வேண்டும். இந்த மூன்று கார்களின் பெட்ரோல் வடிவம் தப்பிவிடும், டீசல் வடிவம் சாலையில் இறங்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட் கேட்கும். காரின் மாசைப் பொறுத்துத் தரம் பிரித்து ஒட்டும் பிரான்சின் ஸ்டிக்கர் வரிசையிலும் பழைய டீசல், அதே வயது பெட்ரோலை விடக் கீழேதான் நிற்கிறது. நகரத்துக்குள் ஓட்டவே பிறந்த காரை நகரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் வாங்கி என்ன பயன்?

கியர் விஷயத்திலும் கறாராக இருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது முழுமையான ஆட்டோமேட்டிக் இல்லை. சாதாரண ஐந்து கியர் பெட்டிதான், கிளட்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் மோட்டார்கள் செய்யும். ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு தள்ளும். அந்த மோட்டார்கள் பழுதானால் செலவு, காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். உரிமம் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமே இருக்கிறது என்றால் இந்தக் குடும்பத்தை விட்டு வெளியே தேடுவது நல்லது.

2014-ல் இரண்டாம் தலைமுறை வந்தது. பெஜோ 107, 108 ஆனது. மற்ற இரண்டும் அதே பெயரில் தொடர்ந்தன. இங்கேதான் கதை திரும்புகிறது. முதல் தலைமுறையில் முகம் மட்டுமே வேறு. இரண்டாவதில் மூன்று நிறுவனங்களும் தோற்றத்தை நன்றாகவே பிரித்துக்கொண்டன. அய்கோவின் முகப்பில் பெரிய எக்ஸ் வடிவம், சி1-க்கு வட்டக் கண்கள், 108 கொஞ்சம் பெரிய பெஜோவைச் சுருக்கியது போல. ஆனால் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் பழைய காரில் இருந்த அதே 2.34 மீட்டர். அடித்தளமும் பழையதைத் திருத்தியதே. மாறியது எஞ்சின் பட்டியல். அய்கோவில் வழக்கமான 1.0 லிட்டர் மட்டும். பெஜோவும் சிட்ரோயனும் அதே 1.0-வோடு, தங்கள் சொந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சினையும் வைத்தன, 82 குதிரைத்திறன்.

ஓட்டிப் பார்த்தால் 1.2 தான் மனத்தைக் கவரும். நெடுஞ்சாலையில் ஏறும்போது 1.0 மூச்சு வாங்கும் இடத்தில் இது சுலபமாகப் போகும். பழைய கார் சந்தையில் விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் ப்யூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. உராய்வு குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நடைமுறையில், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து பெல்ட்டின் ரப்பரைக் கெடுக்கிறது. பெல்ட் பிசிறு பிசிறாக உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கிறது. ஆயில் அழுத்தம் விழுந்தால் எஞ்சினே போய்விடும். குறுகிய தூரம், குளிர்ந்த எஞ்சின், தள்ளிப்போட்ட ஆயில் சர்வீஸ் இவை மூன்றும் சேர்ந்தால் கேடு விரைவில் வரும். நகரத்துச் சின்ன காரின் அன்றாட வாழ்க்கையே இந்த மூன்றும்தானே! இந்த எஞ்சின் குடும்பத்தின் மீது புகார்கள் குவிந்து, பெஜோ, சிட்ரோயனின் இன்றைய தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024-ல் இவ்வகை எஞ்சின்களுக்கு 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரையிலான நீட்டித்த உத்தரவாதத்தை அறிவிக்க வேண்டி வந்தது.

எனவே 108 அல்லது இரண்டாம் தலைமுறை சி1 வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது கூட அல்ல, எந்த எஞ்சின் என்பது. 1.0 என்றால் செயின் போட்ட பழைய நண்பன். 1.2 என்றால், உரிய காலத்தில் உரிய ஆயிலோடு ஒவ்வொரு சர்வீஸும் நடந்ததற்கு ரசீது வேண்டும், பெல்ட்டைப் பார்த்து அளந்த குறிப்பும் வேண்டும். அவை இல்லாமல் வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

டொயோட்டா சின்னத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமாகும் இடமும் இந்த இரண்டாம் தலைமுறைதான். பல ஐரோப்பிய நாடுகளில் டொயோட்டா, தன் டீலரிடம் சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் அடுத்த சர்வீஸ் வரைக்கும் உத்தரவாதத்தைப் புதுப்பிக்கிறது, வண்டிக்கு 10 வயது ஆகும் வரை. முன்பு வேறெங்கோ சர்வீஸ் செய்திருந்தாலும், இப்போது உள்ளே வந்தால் போதும். ஏழு, எட்டு வயது அய்கோவை வாங்கி, டீலரிடம் ஒரு சர்வீஸ் போட்டுவிட்டால், புது வண்டி போல உத்தரவாதத்தோடு ஓட்டலாம். அதே கோலின் ஆலையில், அதே தளத்தில் கட்டிய சி1-க்கு இப்படி 10 வயது வரை போகும் வசதி இல்லை. காரில் இல்லாத வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது, அதற்கு மதிப்பு உண்டு. வண்டியை நெடுநாள் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அய்கோ. உத்தரவாதம் பெரிதில்லை, தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்பவருக்கு அதே எஞ்சினோடு குறைந்த விலையில் 1.0 சி1.

பாதுகாப்பு பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யூரோ என்கேப் மோதல் சோதனையில் முதல் தலைமுறை 2005-ல் 4 நட்சத்திரம் பெற்றது. விதிகள் கடுமையான பிறகு 2012-ல் மறுபடி சோதித்தபோது 3. நட்சத்திரத்தை எப்போதும் ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2011-ல் 5 நட்சத்திரம் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் அப் 2019-ல் 3-க்கு இறங்கியது. 2011-ல் 4 வாங்கிய ஃபியட் பாண்டா 2018-ல் ஒன்றுமே வாங்கவில்லை. கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் உயர்ந்தது. நட்சத்திரத்தை விட, முதல் தலைமுறையில் சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி பெரும்பாலும் விருப்பத் தேர்வாகவே இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. விலை குறைந்த வண்டிகளில் பலவற்றில் அது இருக்காது. ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது 2014 இறுதியில். பனி கொட்டும் நாட்டில், புதிதாக ஓட்டக் கற்றவர் கையில் கொடுக்கப் போகும் வண்டி என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் தலைமுறைக்குப் பணம் சேர்க்கலாம்.

சரி, இந்த மூன்றையும் விட்டு வெளியே போக வேண்டியவர்கள் யார்? முதல் தலைமுறையின் டிக்கி 139 லிட்டர். இரண்டு மளிகைப் பையும் ஒரு குடையும் வைத்தால் நிரம்பிவிடும். குழந்தைத் தள்ளுவண்டி வைத்திருப்பவர் பின் இருக்கையை மடக்காமல் எதுவும் செய்ய முடியாது. அவர்கள் ஃபோக்ஸ்வாகன் அப்-ஐப் பார்க்கட்டும். அதுவும் ஒரே ஆலையில் மூன்று பெயர் எடுத்த கார்தான். ஸ்லோவாகியாவின் பிராட்டிஸ்லாவாவில் 2011-லிருந்து அப், ஸ்கோடா சிட்டிகோ, சியாட் மீ மூன்றும் தயாராயின. நீளம் 3.54 மீட்டர்தான், டிக்கியோ 251 லிட்டர். நெடுஞ்சாலையில் அய்கோவை விட அமைதி, நிலைத்த ஓட்டம். இங்கும் அதே சூத்திரம்: ஃபோக்ஸ்வாகன் சின்னத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் சிட்டிகோவையும் மீ-யையும் தேடுங்கள். பெட்ரோல் சிட்டிகோவும் மீ-யும் 2019-ல் நின்றன, அப் 2023 வரை ஓடியது. மிகப் புதிய வண்டி வேண்டும் என்றால் மட்டும் அப்.

பாண்டா வேறு ஜாதி. உயரமான கூரை, நிமிர்ந்த இருக்கை, வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை போலந்தின் டிஹியில் தயாரானது. 2011-ன் மூன்றாம் தலைமுறையை ஃபியட், நேப்பிள்ஸ் அருகே உள்ள பொமிலியானோ ஆலைக்குக் கொண்டுவந்தது. வேலை விதிகளை மாற்ற ஒப்புக்கொண்டால்தான் உற்பத்தி இத்தாலிக்கு வரும் என்று நிறுவனம் சொல்ல, 2010-ல் தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. அதன் 1.2 லிட்டர், 'ஃபயர்' என்ற பெயருள்ள எஞ்சின் 1985-ல் தொடங்கிய குடும்பம், எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு தேர்வும் இருக்கிறது. 2008 முதல் ஐரோப்பாவில் விற்ற முதல் ஹூண்டாய் ஐ10 கார்கள் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் கட்டிக் கப்பலேற்றியவை. பழைய காரைக் கொடுத்தால் புதுக் காருக்கு மானியம் என்று 2009-ல் அரசுகள் அறிவித்தபோது, பிரிட்டனில் அது நன்றாக விற்றது. 2013-ல் வந்த அடுத்த ஐரோப்பிய ஐ10 துருக்கியின் இஸ்மித்தில் தயாரானது. ஐந்து கதவு, இறங்கும் பின் கண்ணாடி, உண்மையான ஆட்டோமேட்டிக் கியரும் உண்டு. மேலே சொன்ன ஆட்டோமேட்டிக் உரிமக்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கோலின் ஆலை 2021 தொடக்கத்தில் முழுவதும் டொயோட்டா வசம் வந்தது. அடுத்த ஓராண்டு அளவில் 108-க்கும் சி1-க்கும் வாழ்வு முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த அளவு பெட்ரோல் கார்களையே கைவிட்டார்கள். டொயோட்டா மட்டும் அய்கோ எக்ஸ் என்று உயரமும் அகலமும் கூட்டிய வண்டியைத் தொடர்ந்தது. அதன் விலை இந்தக் கட்டுரை பேசும் எல்லைக்கு அப்பாற்பட்டது. இனிமேல் புதிய சி1 வராது என்பதால் நல்ல நிலையில் இருப்பவை சீக்கிரம் கைமாறுகின்றன. அவசரப்படுத்துவார்கள், ஆனாலும் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள்.

போனவுடன் டிக்கியைத் திறந்து, தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கையை விட்டுப் பாருங்கள். முதல் தலைமுறை மூன்றிலும் பின் விளக்கு ரப்பரும், மேல் பிரேக் லைட் ரப்பரும் இறுகிப்போய் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். புது ரப்பர் மலிவு, ஆனால் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தேங்கியிருந்தால் தகடு அரித்திருக்கும். அடுத்து, வண்டிக்கு அடியில் சைலன்சரின் துருவைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே முதல் முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது லேசாக அதிரும், அது குறையல்ல. பிறகு நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. பக்கத்து ஒர்க் ஷாப்பில் அதற்கு என்ன கேட்பார்கள் என்று விசாரித்து, அந்தத் தொகையை அப்படியே விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் இறங்கி வந்துவிடுங்கள். அந்த ஆலையிலிருந்து வந்த வண்டிகள் சந்தையில் இன்னும் ஏராளம்.